மின்சாரக் காரில் மலைமேல் தூங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை மதியம் முந்தல் செக்போஸ்ட் பக்கம் நின்றால், பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்துக்கொண்டு மின்சாரக் கார்கள் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு மலைப்பாதை ஏறுவதைப் பார்க்கலாம். பெரும்பாலும் மதுரை, திண்டுக்கல், திருச்சி வண்டிகள். பூப்பாறையிலோ சூரியநெல்லியிலோ தெரிந்தவர் தோட்டத்தில் நிறுத்தி, காருக்குள்ளேயே படுத்து எழுந்து வருவதுதான் திட்டம். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. இன்ஜின் கிடையாது, புகை கிடையாது, இரவு முழுக்க ஏசி ஓடினாலும் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தொந்தரவில்லை. பூப்பாறைக்கு மேலே என் மச்சானின் ஏலத்தோட்டம் இருக்கிறது. அங்கே ஏலக்காய் ஸ்டோர் முற்றத்தில் இப்படி வந்து தங்குகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். சார்ஜ் போட்டுக்கொண்டு வா, போர்வை எடுத்துக்கொள் என்கிற மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன். அது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏசிக்குப் பயந்து வேர்த்துக் கிடப்பது

இரவு ஏசி போட்டால் காலையில் வண்டி நகராது என்று நினைத்து, கம்பத்துப் புழுக்கத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தொப்பலாக நனைந்து எழுந்தவர்கள் உண்டு. கணக்கு இதுதான். உள்ளே ஒருமுறை குளிர்ந்துவிட்டால் அப்புறம் ஏசி சராசரியாக அரை, முக்கால் கிலோவாட்தான் இழுக்கும். வண்டி விழித்திருப்பதற்கான செலவுக்கு இன்னொரு கால் கிலோவாட் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 6 முதல் 8 யூனிட் வரும். 40 யூனிட் பேட்டரியில் அது 15, 20 சதவீதம். ஹீட்டர் அப்படியல்ல, ஹீட் பம்ப் (ஏசியையே திருப்பி ஓட்டிச் சூடு தரும் அமைப்பு) இல்லாத வண்டியில் அது ஏசியைவிட நன்றாகவே குடிக்கும். மூணாறு பக்கம் ஜனவரியில் போகிறீர்கள் என்றால் படுக்கும் முன் அரை மணி நேரம் போட்டு அணைத்துவிட்டுக் கம்பளியை நம்புவது மேல்.

பெரிய பேட்டரியைப் பார்த்துக்கொண்டே சின்ன பேட்டரியைக் கொல்வது

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காதது இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மின்சாரக் காரில் பேட்டரி இரண்டு. தரைக்கு அடியில் கிடக்கும் பெரியது சக்கரத்தையும் ஏசியையும் ஓட்டுகிறது. இன்னொன்று, பெட்ரோல் காரில் இருக்கிற மாதிரியே, பெரும்பாலும் பானெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி. கதவுப் பூட்டு, ஸ்கிரீன், விளக்கு, கண்ணாடி இறக்குவது, எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் எல்லாம் இந்தச் சின்னதில்தான் ஓடுகின்றன. இதைவிட முக்கியம், பெரிய பேட்டரியை வண்டியோடு சேர்க்கும் கான்டாக்டர் என்கிற கனமான சுவிட்சை மூடுவதும் சின்னதின் கரண்ட்தான். அது செத்துவிட்டால் பெரியதில் எத்தனை சதவீதம் இருந்தாலும் வெளியே வர வழி கிடையாது.

பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் வண்டி ஓடத் தயாராகுமே, அந்த ‘ரெடி’ நிலையில் இருக்கும்வரை பயமில்லை. பெரியதின் வோல்டேஜை 12 வோல்ட்டாக இறக்கித் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாகப் பெரியதிலிருந்து சின்னதுக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஸ்கிரீன் மட்டும் உயிர் பெறுமே, வினை அங்கேதான் இருக்கிறது. பாட்டு கேட்கும், விளக்கு எரியும், போன் சார்ஜ் ஏறும், பார்ப்பதற்கு எல்லாம் ஓடுகிற மாதிரியே இருக்கும், ஆனால் பல வண்டிகளில் அந்த நிலையில் கன்வெர்ட்டர் வேலை செய்யாது. ஸ்கிரீனும் உள்ளே இருக்கும் மற்ற கம்ப்யூட்டர்களும் சேர்ந்து 10, 15 ஆம்பியர் இழுத்தால் 40 ஆம்பியர்-அவர் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி. மூன்று நான்கு வருடப் பழசு என்றால் அவ்வளவுகூடத் தாங்காது.

மதுரையிலிருந்து ஒரு தம்பியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். ஸ்டோர் முற்றத்தில் வண்டியை நிறுத்தும்போது 71 சதவீதம். அதைப் பெருமையாகக் காட்டினார், பெருமைப்பட வேண்டியதுதான், மலையை நன்றாகத்தான் ஓட்டி ஏறியிருக்கிறார். அப்புறம் டிக்கியைத் திறந்து வைத்து அதன் விளிம்பில் உட்கார்ந்து, ஸ்கிரீனை மட்டும் உயிர்ப்பித்துப் பாட்டுப் போட்டு, 12 வோல்ட் சாக்கெட்டில் ஒரு குளிர்பெட்டியைச் செருகி, ராத்திரி பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தார்கள். குளிராகத்தானே இருக்கிறது, ஏசி எதற்கு என்று ரெடி போடாமலேயே படுத்துவிட்டார்கள்.

காலையில் பட்டனை அழுத்தினால் டேஷ்போர்டுக்கு அடியில் டிக் டிக் டிக் என்று ரிலே துடித்தது. ஸ்கிரீனில் ஒரு நொடி லோகோ வந்தது, அதுவும் அணைந்தது. போனில் இருந்த ஆப் மட்டும் முந்தின இரவு கடைசியாக வந்த தகவலை விடாமல் காட்டிக்கொண்டிருந்தது, 70 சதவீதம் என்று. “சார்ஜ் இருக்கே அண்ணே, சார்ஜ் இருக்கே” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே நீட்டினார்.

போடியிலிருந்து ஆட்களை ஏற்றி வந்து இறக்கிவிட்டு நின்ற தோட்ட ஜீப் டிரைவர், “கேபிள் வச்சிருக்கேன், குடுத்துப் பாப்பமா தம்பி?” என்றார். நம்ம ஆள் பதறிப்போய், “வேண்டாம்ணே, இது கரண்ட் வண்டி, ஏதாவது ஆகிடும்” என்று தடுத்துவிட்டார். “கரண்ட் வண்டிங்குறீங்க, கரண்ட் இல்லைங்குறீங்க” என்று முனகிக்கொண்டே அவர் போய்விட்டார். அப்புறம் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, கீழேயிருந்து பிளாட்பெட் (பழுதான காரை முதுகில் ஏற்றிப் போகும் லாரி) கிளம்பி, அது தோட்டத்து மண்பாதையில் ஏற முடியாமல் ரோட்டிலேயே நின்றது. காரைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் ஹேண்ட்பிரேக் பூட்டியது பூட்டியபடி, அதை விடுவிக்கவும் அந்தச் சின்ன பேட்டரிதானே வேண்டும். சாயங்காலம் மச்சான் பொறுமை இழந்து போடி மெக்கானிக்கை வரச்சொன்னார். அவர் டிபன் பாக்ஸ் அளவு ஜம்ப் ஸ்டார்ட்டரை, அதாவது செத்த பேட்டரியை எழுப்பும் கையடக்க பேட்டரியை, மாட்டிய ஒரு நிமிடத்தில் வண்டி எழுந்துவிட்டது. பிளாட்பெட் ஏறி வந்ததற்கும் சும்மா இறங்கிப் போனதற்கும் கிலோமீட்டர் கணக்கில் காசு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாழ். காலையிலேயே ஜீப் கேபிளில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

சரி, என்ன செய்வது? காருக்குள் படுக்கிறீர்களா, ரெடியில் வையுங்கள். கேம்ப் மோடு, யூட்டிலிட்டி மோடு என்று ஏதாவது இருந்தால் அதைப் போடுங்கள். சில வண்டிகள் ஓட்டுநர் அசையவில்லை என்று கண்டு கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். உங்கள் வண்டி அப்படியா என்பதை மலையில் கண்டுபிடிக்காதீர்கள், வீட்டு வாசலில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். டிக்கி விளக்கை அணையுங்கள், டேஷ்கேமில் பார்க்கிங் பதிவு இருந்தால் நிறுத்துங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி கிளவ் பாக்ஸில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம். டிக்கிப் பூட்டு பல வண்டிகளில் கரண்டில்தான் திறக்கும், பேட்டரி செத்த அன்று அது திறக்காது. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை ஒருமுறையாவது வெளியே எடுத்து, டிரைவர் கதவுக் கைப்பிடியில் சாவித் துளை எங்கே மறைந்திருக்கிறது என்று பார்த்துவையுங்கள்.

ஜீப்பிலிருந்தும் எடுக்கலாம், 12 வோல்ட்தான். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவை உங்கள் வண்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில். பிரேக்கை மிதித்து ரெடி வந்ததும் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு மணி நேரமாவது ரெடியிலேயே விடுங்கள். லாரி, பஸ் பக்கம் போகாதீர்கள், பெரும்பாலும் 24 வோல்ட், உள்ளே இருக்கும் போர்டுகள் கருகிவிடும். அதே மாதிரி, பதிலுக்கு ஜீப்பைக் கிளப்பித் தருகிறேன் என்று உதாரகுணம் காட்டவும் கூடாது. டீசல் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற ஆம்பியரைத் தர உங்கள் வண்டி செய்யப்படவில்லை.

காருக்குள் அடுப்பு

கூடாது. கரி அடுப்பு, கேஸ் ஸ்டவ், கொசுவத்திச் சுருள் எதுவும். வண்டி புகை விடாது என்பதால் நீங்கள் கொண்டுபோகும் நெருப்பும் புகை விடாது என்று ஆகிவிடாது. 2024 டிசம்பரில் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்களே, ஜெனரேட்டரிலிருந்து உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அந்த வாயுவுக்கு மணமே கிடையாது.

உள்காற்றையே சுழல விடுவது

ஏசியில் வெளிக்காற்று எடுக்கும் பட்டனைப் போடுங்கள். உள்காற்றே சுற்றிக்கொண்டிருந்தால் காலையில் தலைவலியும், கண்ணாடி முழுக்க வழியும் தண்ணீரும்தான் மிச்சம்.

யானைப் பாதையில் பலாப்பழம்

ஆனையிறங்கல், சின்னக்கானல், சூரியநெல்லி எல்லாம் யானை நடமாடும் இடம். அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதக் கடைசியில் கம்பம் தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. இதைத் தெரிந்துகொண்டும், வழியில் வாங்கிய பலாப்பழத்தையும் வாழைத்தாரையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அணைக்கட்டு ஓரம் படுக்கிறவர்களை என்னவென்று சொல்வது. அரிசி, பழம், வெல்லம் எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது. திறந்த இடத்தில் நிறுத்தாமல் ஆள் குடியிருக்கும் காம்பவுண்டுக்குள் நிறுத்துங்கள். காடு வனத்துறையுடையது, தேயிலை கம்பெனியுடையது, இரண்டிலும் கேட்காமல் படுக்க முடியாது.

தோட்டத்து பிளக் பாயின்ட்

15 ஆம்பியர் சாக்கெட் இருக்கிறது என்பார்கள். இருக்கும். எர்த் இருக்காது. எர்த் இல்லை என்றால் கூடவே வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா கிடக்கும். அது காட்டுவது சரிதான், அதை ஏமாற்ற வழி தேடாதீர்கள். எர்த் இருந்தாலும் 3 கிலோவாட் சுமையைப் பத்து மணி நேரம் பழைய வயரில் ஏற்றுகிறீர்கள் என்பதை நினைவில் வைத்து, அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறது என்றால் ஆம்பியரைக் குறையுங்கள். டிவிக்குப் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். கேரளத்தில் ரோட்டோர மின்கம்பத்தில் பார்க்கும் சார்ஜர்கள் டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் வைத்தவை, காருக்கு அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மழை நாளில் மண் சரிவுக்கு அடியில்

நிறுத்தாதீர்கள்.

சாய்வான இடம்

தலை மேட்டுப் பக்கம், டயருக்குக் கல்.

மேலே நூறு சதவீதம் போடுவது

எர்த் எல்லாம் சரியாக இருந்து, ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறி, காலையில் நூறு சதவீதத்தோடு இறங்கினால் வருகிற தொல்லை வேறு. பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென், அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுவது, வேலை செய்யாது, திரும்பி வரும் கரண்ட்டைப் போட இடமில்லை. போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவும் பிரேக் பேடை மட்டுமே நம்பி இறங்க வேண்டியதாகிவிடும். இந்தக் காரில் கியரைக் குறைத்து இறங்கவும் முடியாது. ஆளும் சாமானும் சேர்ந்து 1,800 கிலோ எடையை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க 5 யூனிட் போகிறது, இறங்கும்போது அவ்வளவும் எங்காவது போயாக வேண்டும். பேட்டரிக்குப் போகவில்லை என்றால் டிஸ்க்கில் சூடாகத்தான் போகும். 80, 85-ல் நிறுத்திவிட்டு ரீஜெனைக் கூட்டி வைத்து இறங்குங்கள். முந்தல் வரும்போது சார்ஜ் கிளம்பினதைவிடக் கூடவே இருக்கும்.