ட்ரோன் வீடியோ டிவியில் ஏன் மினுமினுக்கிறது?

எடிட்டிங் மேசையில் கண்ணைப் பறித்த ட்ரோன் காட்சி, டிவியில் ஓடும்போது கூரையெல்லாம் மினுமினுத்து, மரங்கள் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். பெரும்பாலும் கேமரா மேல் குற்றம் இல்லை. கணினித் திரைக்கு அழகாகத் தெரிந்த கூர்மையை அப்படியே ஒளிபரப்புக்கு அனுப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பல சேனல்கள் இன்னும் இன்டர்லேஸ் முறையில்தான் ஒளிபரப்புகின்றன. படத்தின் 1080 வரிகளும் ஒன்றாக வருவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு ஃபீல்டாகவும், இரட்டைப்படை வரிகள் அடுத்த ஃபீல்டாகவும் மாறி மாறி வரும். ஒரே ஒரு வரி தடிமன் உள்ள கோடு ஒரு ஃபீல்டில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. நொடிக்கு 50 ஃபீல்டு என்றால் அந்தக் கோடு 25 முறை துடிக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் ஓட்டு விளிம்பு, கைப்பிடிக் கம்பி, நீரலை, பயிர் வரிசை என்று அத்தனையும் மெல்லிய கோடுகள்தானே!

அதனால் ட்ரோனிலேயே ஷார்ப்னஸைக் குறைத்து வைத்து எடுங்கள். வேண்டுமானால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பதிவிலேயே ஏறிவிட்ட செயற்கைக் கூர்மையைச் சுத்தமாக எடுக்க முடியாது. 4கே படத்தை எச்டிக்குச் சுருக்கும்போது மறுபடி ஷார்ப்பன் போடாதீர்கள். துடிக்கும் ஷாட்டுகளுக்கு மட்டும் மேல்கீழ் திசையில் மிக லேசாக ப்ளர் கொடுத்தால் போதும். கணினித் திரையில் இந்தத் துடிப்பு தெரியாது, இன்டர்லேஸ் சிக்னல் போகும் ஒரு டிவியில் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. சேனல் 25 ஃபிரேமில் இயங்கும்போது 30-இல் எடுத்துவிட்டு எடிட்டிங்கில் மாற்றினால், சீராகப் போக வேண்டிய ஷாட் விட்டு விட்டுத் தாவும். பறப்பதற்கு முன்பே 25 அல்லது 50-க்கு மாற்றிவிடுங்கள். ஷட்டரையும் ஆட்டோவில் விடக் கூடாது. நல்ல வெயிலில் அது 1/800 நொடிக்குப் போய்விடும், ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் புகைப்படம் மாதிரி வெட்டி வெட்டி நகரும். வெளிச்சத்தை 16-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி16 ஃபில்டர் போட்டால் அதே வெளிச்சத்தில் 1/50-க்கு வந்துவிடலாம், 25 ஃபிரேமுக்கு அதுதான் பொருத்தம். அப்புறம் ஒயிட் பேலன்ஸ். அதையும் லாக் செய்யாவிட்டால் ஒரே ஷாட்டுக்குள் நிறம் மாறும்.

மரக்கிளைகளுக்கு மேலே தாழ்வாக, வேகமாகப் பறக்கும் ஷாட் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அதில் ஒவ்வொரு ஃபிரேமிலும் கிட்டத்தட்ட ஒவ்வொரு புள்ளியும் மாறுகிறது. ஒளிபரப்பில் கிடைக்கும் பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பக்கூடிய தரவின் அளவு, அதற்குப் போதாமல்தான் இலைகள் கட்டங்களாகின்றன. கொஞ்சம் உயரத்தில், மெதுவாகப் பறந்தால் அதே காட்சி தப்பிக்கும். ஏற்றுமதி செய்யும்போதும் இணையத்துக்கான சிறிய ஃபைலைக் கொடுத்துவிடாதீர்கள். சேனல் கேட்கும் ஃபார்மட்டை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். நொடிக்கு 50 மெகாபிட் (50 எம்பிபிஎஸ்), நிற விவரத்தை அதிகம் காக்கும் 4:2:2 பதிவு என்பது பல இடங்களில் வழக்கம்.

வெளிச்ச அளவைக் கண்ணை நம்பி முடிவு செய்ய வேண்டாம். 8 பிட் ஒளிபரப்பில், 0 முதல் 255 வரையிலான அளவில், கறுப்பு 16, வெள்ளை 235. லாக் (Log) எனும் வெளிறிய பதிவு முறையில் எடுத்ததை, எச்டி டிவிக்கான நிறத் தரமான ரெக் 709-க்கு மாற்றிவிட்டு, வெளிச்ச அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்மைப் பாருங்கள். எல்லை தாண்டுவது பெரும்பாலும் மேகமும் நீரில் மின்னும் வெயிலும்தான்.

படத்தின் கீழ்ப்பகுதியில் சேனலின் எழுத்துப் பட்டை வரும். முக்கியமான கட்டடத்தையோ படகையோ அங்கே வைத்து எடுத்தால், பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.