பழைய வெள்ளி டொலர் அசலா? முதலில் நிறுத்துப் பாருங்கள்

வன்னி வீடுகளில் பழைய வெள்ளிக்காசு என்றால் பெரும்பாலும் விக்ரோறியா அல்லது ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட இந்திய ரூபாய்தான். டொலர் அளவிலான பெரிய காசுகள் வேறு வழியாக வந்தவை. மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்கள் கொண்டுவந்த ஸ்ரெயிற்ஸ் செற்றில்மென்ற்ஸ் டொலர், கனடாச் சொந்தங்கள் கொடுத்த கனேடிய டொலர், கைமாறிக் கைமாறி வந்த அமெரிக்க மோர்கன், பீஸ் டொலர்கள் என்று பல வகை. போலி அதிகம் நடமாடுவதும் இந்தப் பெரிய காசுகளில்தான்.

எதைச் செய்வதற்கும் முன்னர் ஒன்று: கழுவாதீர்கள். புளி, தேசிக்காய், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். குத்துவிளக்கை மினுக்குவதுபோல் காசை மினுக்கினால் மேற்பரப்பு முழுக்க மெல்லிய கீறல் விழும், பிறகு அது திரும்பாது. கறுப்புப் படிந்த காசை விரும்பி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தேய்த்து மினுக்கிய காசுக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது.

அடுத்தது தராசு. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிற்றல் தராசும் விட்டம் அளக்க ஒரு வேணியர் இடுக்கியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்க மோர்கன் (1878–1904, 1921), பீஸ் (1921–1928, 1934–1935) டொலர்கள் 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீற்றர், வெள்ளி 90 வீதம். ஆசிய வியாபாரத்துக்கென்று அடித்த அமெரிக்க வர்த்தக டொலர் 27.22 கிராம். கனேடிய டொலர் 1935 முதல் 1967 வரை 23.3 கிராம், 36 மில்லிமீற்றர், வெள்ளி 80 வீதம். 1968 தொடக்கம் புழக்கத்துக்கு விட்டது 32 மில்லிமீற்றர் நிக்கல் காசு. அதில் வெள்ளியே இல்லை, காந்தத்தில் ஒட்டும். இலங்கையின் 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் 28.28 கிராம், வெள்ளி 92.5 வீதம். இந்திய ரூபாய் 11.66 கிராம், பழையவை 91.7 வீதம், 1940–1945 காசுகள் 50 வீதம்தான்.

மலாயாவின் ஸ்ரெயிற்ஸ் டொலரில் பலர் தடுமாறுவார்கள். 1903–1904 காசு 26.95 கிராம். 1907–1909 காசு 20.21 கிராம். 1919–1920 காசு 16.85 கிராம், அதிலும் வெள்ளி பாதிதான். எடை குறைவென்று நல்ல காசைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். ஆண்டைப் பார்த்துவிட்டு நிறுங்கள்.

தேய்ந்த காசு எடை குறையும். ஆனால் தேய்ந்து எடை கூடாது. மோர்கன் டொலர் 27 கிராமைத் தாண்டினால் அதற்கு நியாயம் கிடையாது. அதேபோல, எழுத்தெல்லாம் கூர்மையாக இருக்கும் காசு 25 கிராம் காட்டினாலும் சந்தேகப்படுங்கள்.

எடை சரியாக வந்தால் தண்ணீர்ச் சோதனை. ஆழமான சின்ன பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையைப் பிரிக்க வேண்டும். 26.73 கிராம் டொலருக்குத் தராசு 2.59 அளவில் காட்டினால் விடை 10.3, இது 90 வீத வெள்ளியின் அடர்த்தி. 3.00 காட்டினால் விடை 8.9, அது செம்பு அல்லது செம்பு–நிக்கல். காசில் காற்றுக் குமிழி ஒட்டினால் அடர்த்தி பொய்யாகக் குறைந்து தெரியும், அதனால் தண்ணீரில் ஒரு துளி சவர்க்காரம் விடுங்கள். காசு அடியில் முட்டினால் எண் ஒரேயடியாக ஏறும். மின்விசிறியை நிறுத்திவிட்டு மூன்று தரம் பாருங்கள்.

காந்தம் இரும்பையும் நிக்கலையும் காட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். பழுதான ஹாட் டிஸ்கில் இருக்கும் பலமான காந்தத்தைச் சரிவாகப் பிடித்த காசின் மேல் விட்டால் வெள்ளியில் மெதுவாக வழுக்கும். செம்பிலும் அப்படித்தான் வழுக்கும் என்பதால் இதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஐஸ் கட்டி வேகமாக உருகுகிறதா என்று பார்ப்பதிலும் இதே குறை உண்டு.

இனிக் கண்ணுக்கு வேலை. பத்து மடங்கு லென்ஸால் விளிம்பைப் பாருங்கள். வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக் கோடு அல்லது அதை அரத்தால் ராவிய அடையாளம் இருக்கும். தளத்தில் ஊசிக்குத்துப் போலக் குழிகள், எழுத்தின் ஓரம் மெழுகு உருகினதுபோல் மழுங்கல். விளிம்பில் செப்பு நிறக் கோடு தெரிந்தால் அது அடுக்கு உலோகம்; 1971–1978 ஐசன்ஹோவர் டொலர்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. அவை அசல் காசுதான், வெள்ளிக்காசு அல்ல. அமெரிக்க டொலரை இடமும் வலமுமாகப் பிடித்து, மேல்பக்கம் கீழே வரும்படி புரட்டினால் பின்பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். தலைகீழாக வந்தால் வாங்காமல் வைத்துவிடுங்கள்.

நல்ல வெள்ளியிலேயே அடித்த போலி இத்தனை சோதனையையும் தாண்டிவிடும். அங்கே ஆண்டும், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்தான அச்சகக் குறியும்தான் கைகொடுக்கும். பழைய மோர்கன் டொலரில் குறி பின்பக்கம், மாலை முடிச்சின் கீழே இருக்கும். கார்சன் சிற்றி நாணயச்சாலையின் இரட்டை ‘சி’ (CC) 1878–1885, 1889–1893 ஆண்டுகளில் மட்டுமே உண்டு. 1887 இல் அது இருந்தால் போலி. டென்வரின் ‘டி’ (D) என்றால் 1921 மட்டும். வர்த்தக டொலர் 1873 இல்தான் தொடங்கியது, அதற்கு முந்தைய ஆண்டு போட்டு வருவதெல்லாம் போலி. சான் பிரான்சிஸ்கோவின் 1893 ‘எஸ்’ (S) மோர்கன் ஒரு இலட்சம்தான் அடிக்கப்பட்டது; அதனால் சாதாரண 1893 காசில் ‘எஸ்’ ஒட்டி விற்பார்கள். எழுத்தின் அடியில் மயிர்க்கோடு, நிற வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தரம் பார்ப்பதற்கு ஒற்றை விளக்கு போதும். காசை மெல்லச் சாய்த்தால், தேயாத காசில் ஒளி வண்டிச் சில்லின் ஆரைகள்போலச் சுழலும். மினுக்கிய காசில் ஒளி சுழலாது, ஒரே பக்கமாகக் கீறல்கள் மின்னும். மோர்கனில் முதலில் தேய்வது காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் நெஞ்சு இறகும். அந்த இறகு தெளிவாக இருந்தால் நல்ல காசு. நம் பக்கத்தில் இன்னொன்றையும் கட்டாயம் தேடுங்கள்: காசுமாலைக்கோ பென்ரனுக்கோ வளையம் ஒட்டின பற்றாசு அடையாளம், அடைத்த துளை. இருந்தால் சேகரிப்பு விலை போய்விட்டது, வெள்ளி விலைதான்.

வெள்ளி விலை கணக்கிட எடையை வீதத்தால் பெருக்குங்கள். மோர்கனில் 24.06 கிராம் தூய வெள்ளி, கனேடிய டொலரில் 18.6, பழைய இந்திய ரூபாயில் 10.69. அன்றைய கிராம் விலையைத் தெரிந்துகொண்டு நகைக்கடைக்குப் போங்கள். உரைகல்லும் அசிட்டும் மேற்பூச்சை மட்டும்தான் சொல்லும், காசிலும் வடு வைக்கும். கடைக்காரர் அரத்தை எடுத்தால் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காணி கொத்தும்போது மண்ணிலிருந்து வந்த காசு வேறு விஷயம். 1815 மார்ச் 2 க்கு முந்தையது என்றால் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். காசு தேடிக் கண்ணிவெடி அகற்றாத காணிக்குள் ஒருபோதும் இறங்காதீர்கள்.

வைத்திருப்பதென்றால் தனித்தனிக் கடதாசி உறையில், உலர்ந்த அலுமாரியில். றப்பர் பாண்ட் போடக் கூடாது. அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். மாரி மழைக் காலத்தில் உறைகளோடு ஒரு சிலிக்கா ஜெல் பக்கற் போட்டு வையுங்கள்.