தகவல் அறநெறி வகுப்பு: புதிதாகப் பாடம் எடுப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

நூலக அறிவியல் துறையில் இந்தத் தாளைப் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் கட்டுவார்கள். பவர்பாயிண்டை அப்படியே வாசிப்பது மாதிரியான தவறுகளை நான் சொல்ல வேண்டியதில்லை, மாணவர்களின் கொட்டாவியே சொல்லிவிடும்.

பெயரை அழித்தால் போதும் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒரு பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியர் ஒருவர், நிஜத் தரவு இருந்தால் வகுப்பு களைகட்டும் என்று நூலகத்தின் கோஹா மென்பொருளிலிருந்து இரவல் பதிவுகளை இறக்கி, பெயர்களை மட்டும் அழித்துவிட்டு எக்செல் கோப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். உறுப்பினர் எண், துறை, சேர்ந்த ஆண்டு, புத்தகம், தேதி எல்லாம் அப்படியே இருந்தன. தத்துவத் துறையில் அந்த ஆண்டு சேர்ந்த ஆய்வு மாணவி ஒரே ஒருவர். அப்புறம் பெயர் எதற்கு? மனச்சோர்வு பற்றி அவர் எடுத்த புத்தகங்களின் பட்டியல் டீ நேரத்துக்குள் கடைசி பெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பைக் குழுவிலிருந்து நீக்கினார்கள், சரி, போன்களில் இறங்கியதை யார் நீக்குவது?

இத்தனைக்கும் அந்த ஆசிரியர் முந்தைய வாரம் நடத்தியது ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனத்தின் கதை. 2006 ஆகஸ்டில் அந்த நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆய்வுக்கென்று வெளியிட்டது. 4417749 யார் என்று நியூயார்க் டைம்ஸ் சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டது. தன் ஊரையும் தன் குடும்பப் பெயரையும் அவர் தேடியிருந்தார், எல்லாத் தேடலும் ஒரே எண்ணின் கீழ் கிடந்தது, அவ்வளவுதான்.

பயிற்சிக்குப் பொய்த் தரவை நீங்களே எழுதுங்கள். ஒருவர் மட்டும் சிக்குகிற மாதிரி வையுங்கள், மாணவர்கள் தேடிப் பிடிக்கட்டும். திரும்பி வந்த புத்தகத்தின் பதிவிலிருந்து எடுத்தவரைப் பிரித்துவிடும் வசதி கோஹாவிலேயே இருக்கிறது, அதையும் காட்டுங்கள்.

நெறிமுறை விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்வது

வேண்டாம்.

சட்டத்தோடு முடித்துக்கொள்வது

தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்ன 2017 புட்டசாமி தீர்ப்பும் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டியவைதான். 2005இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் எஃப்பிஐ, வெளியே சொல்லக் கூடாது என்ற தடையோடு நூலகக் கணினிப் பயன்பாட்டுப் பதிவைக் கேட்டபோது நான்கு நூலகர்கள் நீதிமன்றம் போனதையும் சொல்லுங்கள். ஆனால் நம் பிள்ளைகளுக்கு வரப்போவது ஒரு போன்தான், அதுவும் மேலிடத்திலிருந்து: "தம்பி, அந்தப் பொண்ணு என்ன புக் எடுத்திருக்குன்னு சும்மா பார்த்துச் சொல்லுப்பா." அதை வகுப்பில் நடிக்க வையுங்கள். மரியாதை குறையாமல் மறுக்க எத்தனை பேர் திணறுகிறார்கள் என்று பாருங்கள்.

தேர்வு

'விளக்குக' என்று மட்டும் கேட்காதீர்கள்.