ராமநாதபுரம் கடலோரத்தில் இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் பெறுவது: செலவும் நாள் கணக்கும்

இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி செலுத்த வேண்டிய அடிப்படைக் கட்டணம் மொத்தம் 700 ரூபாய்தான். உரிமம் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அபராதம் 5,000 ரூபாய். அவரிடம் வண்டியை ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக இன்னொரு 5,000 ரூபாய். அப்படியிருந்தும் தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களில் பலர் உரிமம் எடுப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருவதற்குப் பணத்தைவிட நாள்தான் காரணம் என்று நினைக்கிறேன். கடலுக்குப் போகிறவருக்கும், விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவருக்கும் ராமநாதபுரம் வரை போய்க் காத்திருந்து திரும்புவது ஒரு நாள் பிழைப்பை விடுவதாகும். ஆகவே எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பணம் என்பதோடு, எத்தனை நாள் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த வகை உரிமம் என்பதாகும். இருசக்கர வாகனங்களில் கியர் உள்ளவை, கியர் இல்லாதவை என இரண்டு வகைகள் உண்டு. ஸ்கூட்டர்களும், மீன் பெட்டி கட்டி ஓட்டுவதற்கு நம் பக்கத்தில் பலரும் விரும்பும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வண்டியும் கியர் இல்லாத வகையைச் சேர்ந்தவை. இந்த வகைக்கு மட்டும் உரிமம் எடுத்தவர் கியர் வண்டியை ஓட்டினால், அந்த வண்டியைப் பொறுத்தவரை அவர் உரிமம் இல்லாதவரே ஆவார். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுப் பொறுப்பை அவர்மீதும் உரிமையாளர்மீதும் திருப்பிவிட இது இடம் கொடுக்கும். கியர் வண்டிக்கு உரிமம் பெற்றவரோ இரண்டையும் ஓட்டலாம். கட்டணம் இரண்டு வகைக்கும் ஒன்றே என்பதால், இன்று எக்ஸ்.எல். மட்டுமே வைத்திருப்பவர்கூட, கியர் வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் அந்த வகைக்கே விண்ணப்பிப்பது நல்லது. பின்னாளில் புதிய வகை ஒன்றை உரிமத்தில் சேர்ப்பதற்குத் தனியாக 500 ரூபாயும், அதற்கான தேர்வுக் கட்டணமும் செலுத்த நேரிடும்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். 16 வயதிலேயே எடுக்கலாம் என்று சிலர் சொல்வது முழுப் பொய்யன்று. பெற்றோரின் ஒப்புதலோடு 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு அந்த வயதில் உரிமம் உண்டு. ஆனால் எக்ஸ்.எல். வண்டியும் இப்போது ஓடும் ஸ்கூட்டர்களும் அந்த அளவைத் தாண்டியவை என்பதால், நடைமுறையில் அந்தச் சலுகையால் பயன் அநேகமாக இல்லை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட்டுக்கும் குறைந்த திறனுள்ள மின் வண்டிக்கு மட்டும் உரிமமே தேவையில்லை. பள்ளி செல்லும் பையனிடம் அப்பாவின் வண்டியைக் கொடுத்தனுப்பும் வீடுகள் அறிந்திருக்க வேண்டியது: சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகலாம், அந்தப் பையன் 25 வயது வரை உரிமம் பெறவும் முடியாது.

அடுத்தது பழகுநர் உரிமம், அதாவது எல்லோரும் எல்.எல்.ஆர். என்று சொல்வது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி என்னும் பகுதிக்குச் சென்று, தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண் டி.என். 65, பரமக்குடியில் உள்ள பகுதி அலுவலகத்தின் எண் டி.என். 65 இசட். ஆதார் அட்டை, வயதுக்கான சான்று, புகைப்படம், கையொப்பம் ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். உடல்தகுதி பற்றிய உறுதிமொழியை விண்ணப்பதாரரே அளிக்கலாம், 40 வயதைக் கடந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் சான்று பெற வேண்டும். இருசக்கர வாகன உரிமத்துக்குப் படிப்புத் தகுதி எதுவும் கிடையாது.

விண்ணப்பத்தில் இரண்டு செய்திகளைப் பொறுமையாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா என்பது. கடலில் விழுந்த கைப்பேசியோடு போன பழைய எண்ணுக்கு ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) சென்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். மற்றொன்று முகவரி. தெருப் பெயரோ கதவு எண்ணோ தெளிவாக இல்லாத குடியிருப்புகள் கடலோரத்தில் நிறைய உள்ளன. ஆதாரில் ஊர்ப் பெயரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் மட்டும் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே அதைத் திருத்திக்கொள்வது பின்னால் வரும் அலைச்சலைக் குறைக்கும். இதன் காரணத்தை உரிம அட்டை வீடு வந்து சேரும் கட்டத்தில் சொல்கிறேன்.

பழகுநர் உரிமத்துக்குக் கட்டணம் ஒரு வகைக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய், ஆக 200 ரூபாய். இதன்மேல் மாநில அரசின் சேவைக் கட்டணம் சிறிது சேரும். பணம் செலுத்தும் திரையில் காட்டும் தொகையே இறுதியானது. கணினி பழக்கமில்லாதவர்கள் 2024 முதல் இ-சேவை மையங்களிலும் விண்ணப்பிக்கலாம், அதற்குக் கூடுதலாக 60 ரூபாய் சேவைக் கட்டணம். சாலைக் குறியீடுகள், கைச் சைகைகள், வழிவிடும் விதிகள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளே தேர்வில் வரும். தமிழிலேயே எழுதலாம், நூற்றுக்கு 60 விழுக்காடு விடைகள் சரியாக இருந்தால் போதும். எச்சரிக்கைக் குறி முக்கோணம், கட்டாயக் குறி வட்டம், தகவல் குறி செவ்வகம் என்னும் அடிப்படையை மனத்தில் பதித்துக்கொண்டால் பல கேள்விகளுக்கு விடை தானாகவே வந்துவிடும்.

பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். அது கிடைத்த நாளிலிருந்து 30 நாள்கள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். இந்த 30 நாள் இடைவெளியை எவராலும் சுருக்க முடியாது. சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் இடைத்தரகராலும் முடியாது. ஆனால் அதை எந்தப் பருவத்தில் வைத்துக்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது. விசைப்படகுத் தொழிலில் உள்ளவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 20-க்குள் பழகுநர் உரிமம் கையில் இருந்தால், மே 20 வாக்கில் தேர்வுக்குத் தகுதி வந்துவிடும். முதல் முறை தவறினாலும் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம் என்பதால், படகு இறங்குவதற்குள் எல்லாம் முடிய வாய்ப்புண்டு. கரைவேலையும் வலைவேலையும் அந்த நாள்களில் இருக்கும்தான். இருந்தாலும் தேர்வுக்கு ஓரிரு காலைப் பொழுதுகளே தேவைப்படும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுகிறவர்கள், விசா வந்தபிறகு இதைத் தொடங்கினால் 30 நாள் பெரும்பாலும் கிடைக்காது.

பழகும் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பரப்பில் சிவப்பு நிற எல் எழுத்து இருக்க வேண்டும். உரிமம் உள்ள, கற்றுத் தருகிற ஒருவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. பழகுகிறோம் என்பதற்காகத் தலைக்கவசத்தில் விலக்கு கிடையாது. அணியாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

எங்கே பழகுவது என்பது கடலோரத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. கடற்கரை மணலில் சக்கரம் புதையும், திருப்பம் பழகாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக வரும் பேருந்துகளுக்கும் மீன் லாரிகளுக்கும் இடையே தொடக்கத்திலேயே இறங்குவது ஆபத்து. 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பழகியவர்களுக்கே வண்டி பக்கவாட்டில் தள்ளும். போதாக்குறைக்கு ரயில் பாலத்தைப் பார்க்க வண்டிகளை ஓரங்கட்டி நிற்கும் கூட்டமும் உண்டு. தனுஷ்கோடி சாலை நேராகவும் அகலமாகவும் தெரிந்தாலும், காற்று கொண்டுவந்து சேர்க்கும் மணலில் முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். ஊருக்குள் இறுகிய தரையுள்ள விளையாட்டுத் திடலோ, போக்குவரத்தில்லாத உட்சாலையோ போதும். அங்கே இரண்டு கற்களை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு போட்டுப் பழகலாம்.

எட்டுப் போடுவதில் பலர் தவறுவது வேகத்தால் அல்ல, மிகவும் மெதுவாகப் போய்த் தடுமாறுவதால்தான். முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, முன்பிரேக்கைத் தொடாமல், தேவைப்பட்டால் பின்பிரேக்கை மட்டும் இலேசாகத் தொட வேண்டும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தைப் பார்த்தால் கை தானாக அந்தப் பக்கம் போகும். கால் தரையில் படாமல் தொடர்ந்து பல சுற்றுகள் வரும் வரை பழகுங்கள். எந்த வண்டியில் தேர்வுக்குப் போகிறீர்களோ அதிலேயே பழகுவது முக்கியம்.

அந்த வண்டியைப் பற்றியும் ஒரு சொல். உப்புக் காற்றில் கிளட்சு கேபிளும் பிரேக் கேபிளும் செயினும் விரைவில் துருப்பிடித்து இறுகும். அப்படிப்பட்ட வண்டியில் கிளட்சைப் பாதியில் பிடிப்பது இயலாத காரியம். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே கேபிளுக்கு எண்ணெய் விட்டு, தேய்ந்திருந்தால் மாற்றி, முன்விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

30 நாள் முடிந்ததும் அதே இணையதளத்தில் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்து, தேர்வுக் கட்டணம் 300 ரூபாயும் உரிமக் கட்டணம் 200 ரூபாயும் செலுத்தி, காலியாக உள்ள நாளைப் பதிவு செய்ய வேண்டும். தேர்வு நாளில் பழகுநர் உரிமம், விண்ணப்ப ரசீது, அசல் ஆதார் ஆகியவற்றோடு வண்டியின் பதிவுச் சான்று, நடப்புக் காப்பீடு, புகைச் சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். காப்பீடு காலாவதியான வண்டியோடு போய்த் திரும்பி வந்தால் அந்த நாள் வீண். வண்டி உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. மக்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் எட்டு போடச் சொல்வார், கைச் சைகைகளைக் கேட்பார். ஆவணங்களைச் சரிபார்ப்பதற்கும் நேரம் பிடிக்கும் என்பதால், ராமேஸ்வரம், தொண்டி, சாயல்குடி போன்ற தொலைவிலிருந்து வருகிறவர்கள் காலை முதல் பேருந்தைப் பிடிப்பதே சரி.

தவறினால் ஏழு நாள் கழித்து, மீண்டும் 300 ரூபாய் செலுத்திச் செல்லலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் தேறாவிட்டால் பழகுநர் உரிமத்தையே புதிதாக எடுக்க நேரிடும்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வழியாகப் போவது தவறன்று, கட்டாயமும் அன்று. முற்றிலும் புதியவர்களுக்கு அது உதவும். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர் கொடுக்கும் கூடுதல் பணம், விண்ணப்ப வேலைக்கும் வண்டி வாடகைக்குமே போகிறது. எப்படியிருந்தாலும் அரசுக் கட்டணத்துக்கான இணைய ரசீதைத் தனியே கேட்டு வாங்குங்கள், விண்ணப்பத்தில் உங்கள் கைப்பேசி எண்ணையே பதியச் சொல்லுங்கள்.

தேறிய பிறகு அட்டையை அலுவலகத்தில் கையில் தருவதில்லை. 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமங்கள் விரைவு அஞ்சலில் மட்டுமே அனுப்பப்படுகின்றன. முகவரி விளங்காமலோ கைப்பேசியில் பிடிக்க முடியாமலோ அஞ்சல் திரும்பிவிட்டால், நேரில் போய்க் கேட்டாலும் கிடைக்காது. சரியான முகவரியைக் கொடுத்து மறுபடியும் அஞ்சலிலேயே பெற வேண்டும். முகவரியை முன்பே திருத்தச் சொன்னது இதற்காகத்தான். கடலுக்குப் போகும் நாள்களில் வீட்டில் இருப்பவரிடமும் ஊர் அஞ்சல்காரரிடமும் சொல்லி வைப்பது நல்லது. அட்டை வருவதற்குள் டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் உரிமத்தை இறக்கி வைத்துக்கொண்டால், வாகனச் சோதனையில் அதைக் காட்டலாம்.

30 வயதுக்குள் எடுத்த உரிமம் 40 வயது வரை செல்லும். 30-க்கும் 50-க்கும் இடையில் எடுத்தால் பத்து ஆண்டுகள். 50 முதல் 55 வரை எடுத்தால் 60 வயது வரை. அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகள். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம், கட்டணம் 200 ரூபாய். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுப்பில் ஊருக்கு வரும்போதே இந்தத் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி தேவைப்படுவோர் 1,000 ரூபாய் செலுத்தி அதே இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். அதற்குச் செல்லுபடியாகும் உரிமத்தோடு கடவுச்சீட்டும் கேட்பார்கள்.