காசோலையோடு வந்த மொழிபெயர்ப்பு வேலை

திருகோணமலை உவர்மலையில், வீட்டிலிருந்தே ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறேன். போன மாதம் மின்னஞ்சலில் பெரிய வேலை ஒன்று வந்தது. பேரம் பேசவில்லை, மாதிரி கேட்கவில்லை. முழுத் தொகையையும் முன்கூட்டியே காசோலையாக அனுப்புகிறோம் என்றார்கள். அங்கேதான் சந்தேகம் தட்டியது.

ஜிமெயிலில், மின்னஞ்சலின் முழு அனுப்பல் விவரத்தையும் காட்டும் ‘ஷோ ஒரிஜினல்’ திறந்து பார்த்தேன். அனுப்பியவராக ஒரு நிறுவனத்தின் பெயர், ஆனால் நாம் எழுதும் பதில் போய்ச் சேரும் ‘ரிப்ளை-டு’ முகவரி ஏதோ இலவச மின்னஞ்சல். அப்புறம் தந்த கோப்பிலிருந்து ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுளில் தேடினேன். அப்படியே விக்கிப்பீடியாக் கட்டுரை!

இதில் கண்ணி காசோலைதான். பேசியதைவிடக் கூடுதலான தொகைக்கு எழுதி அனுப்பிவிட்டு, ‘தவறு நடந்துவிட்டது, மிச்சத்தை உடனே திருப்பி அனுப்புங்கள்’ என்பார்கள். வெளிநாட்டுக் காசோலை போலி என்பது தெரியவரச் சில வாரங்கள்கூட ஆகலாம். அதற்குள் நம் சொந்தக் காசு போய்விடும். மாதக் கடைசியில் வேலைக்காகக் காத்திருப்பவர்களைக் குறிவைத்தே இதைச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

சரி, காசோலை வேண்டாம், பேசிய தொகையை மட்டும் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள் என்று எழுதினேன். பதிலே இல்லை.

இப்போது புதியவர் யார் எழுதினாலும், நிறுவனத்தின் இணையத்தளத்திலுள்ள எண்ணுக்கு நானே அழைத்துக் கேட்கிறேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கான புரோஸ் (ProZ) தளத்தில், வேலை தருபவர்களை மதிப்பிடும் புளூ போர்டு பகுதியில், அந்த நிறுவனத்துக்கு மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் தந்த மதிப்பீட்டையும் பார்க்கிறேன். உறுதியாகும்வரை சுயவிவரத்தை அனுப்புவதில்லை. அதைத் திருடி, மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, நம் பெயரிலேயே வேலை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.