உழைச்ச பழைய டிரக்கை ரீஸ்டோர் பண்றப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷெட்டு மூலையிலயோ புதருக்குள்ளயோ பல வருஷமா கெடந்த பழைய பிக்கப் ஒண்ணு கைக்கு வந்துச்சுன்னா, ஸ்பேனர எடுத்து கழட்டத்தான் கை பரபரக்கும். அங்கதான் பாதிப் பேரு சறுக்குறாங்க. வீட்டுக் காரு பெரும்பாலும் கம்பெனில இருந்து வந்த மாதிரியேதான் பழசாகியிருக்கும், வேலை செஞ்ச டிரக்கு அப்படி இல்ல, வண்டி நின்னா வருமானம் நின்னுரும்னு எது கெடச்சுதோ அத மாட்டி ஓட்டியிருப்பாங்க, கேபின் ஒரு வருஷம், மட்கார்டு வேற வருஷம், இன்ஜின் மூணாவது ஒரு வண்டில இருந்து வந்திருக்கும். அதனால முதல் தப்பு, அது என்ன வண்டின்னு தெரியாமலே பார்ட்ஸ் ஆர்டர் போடுறது.

உதாரணத்துக்கு அமெரிக்கக் கம்பெனி செவ்ரோலேவோட அட்வான்ஸ் டிசைன்ங்கற டிரக்க எடுத்துக்கலாம். 1947 நடுவுல ஆரம்பிச்சு 1955 ஆரம்பம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே மூஞ்சிதான். முன் கண்ணாடி ரெண்டு துண்டா இருந்தா 1953 வரைக்கும் உள்ள வண்டி, ஒரே துண்டா இருந்தா 1954-ல இருந்து வந்தது. கதவுல சின்ன முக்கோணக் கண்ணாடி இருந்தா 1951 இல்லன்னா அதுக்கு அப்புறம். சரி, கதவப் பாத்து வருஷத்த சொல்லிட்டோம்னு சந்தோஷப்படக் கூடாது, கதவுதான் டிரக்குல முதல்ல அடிவாங்கி மாத்தப்படுற சாமான். ஒரு அடையாளத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலஞ்சு எடம் ஒரே வருஷத்தக் காட்டுதான்னு பாருங்க.

பானட்டுல இருக்குற பேட்ஜ நம்புறது இன்னொரு தப்பு, ரெண்டு நட்டு கழட்டுனா அது வேற வண்டிக்குப் போயிடும். அளவெடுக்குற டேப்பு பொய் சொல்லாது. இதே செவ்ரோலேல 3100 மாடல்னா முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் 116 இன்ச், 3600-க்கு 125¼, 3800-க்கு 137. வீல் நட்ட எண்ணுங்க, 3100-க்கு ஆறு, மத்த ரெண்டுக்கும் எட்டு. சேஸிஸ் 116 இன்ச் இருந்து பின்னாடி மட்டும் எட்டு நட்டு இருந்துச்சுன்னா, எவனோ லோடு தாங்கட்டும்னு பெரிய வண்டியோட பின் அச்சு ஹவுசிங்க தூக்கி மாட்டியிருக்கான்னு அர்த்தம். அப்போ பிரேக்கு, டிரம்மு, பேரிங்னு எல்லாமே பெரிய வண்டியோடது, நீங்க 3100-க்குன்னு வாங்கி வச்சதெல்லாம் சும்மாதான் கெடக்கும். செவ்ரோலேவோட கூடப்பொறந்த பிராண்டு ஜிஎம்சி, அந்த டிரக்குக்கும் கேபின் இதேதான், ஆனா இன்ஜின் வேற, கேபினப் பாத்து இன்ஜின் கேஸ்கட் வாங்குனவங்க கதை நிறைய இருக்கு.

இன்ஜின் நம்பர் விஷயத்துல ரொம்பக் குழப்பம் வரும். பிளாக்குல மேடா வார்த்திருக்குறது காஸ்டிங் நம்பர், அது அந்த டிசைனுக்கான நம்பர் அவ்வளவுதான், அதே நம்பர் ஆயிரக்கணக்கான இன்ஜின்ல இருக்கும். வழவழன்னு சீவி விட்ட ஒரு சின்ன எடத்துல பஞ்ச் பண்ணி உள்ள எறங்கியிருக்குறதுதான் அந்த இன்ஜினோட சொந்த நம்பர். இது ரெண்டும் போக பிளாக்கு என்னைக்கு வார்த்ததுன்னு ஒரு தேதி இருக்கும். செவ்ரோலேல மாசத்துக்கு ஒரு எழுத்து, அப்புறம் நாள், கடைசியா வருஷத்தோட கடைசி இலக்கம் மட்டும். வயர் பிரஷ் போட்டுத் தேச்சு, சாக்பீஸ பக்கவாட்டா வச்சு உரசுனா எழுத்து தெளிவா எழும்பும். சி 14 9-ன்னு தெரிஞ்சா மார்ச் 14, வருஷம் மட்டும் 49-ஆ 59-ஆன்னு நீங்கதான் மத்த அடையாளத்த வச்சு முடிவு பண்ணணும். பத்து வருஷம் தள்ளி நின்னாலும் ஒரே மாதிரி இருக்கும்ங்கறதால இதுல ஏமாறுறவங்க அதிகம்.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா பேப்பர். ஒவ்வொரு வண்டிக்கும் தனியா குடுக்குற, இப்ப இருக்குற 17 எழுத்து நம்பர் முறை 1981-லதான் நிலையா வந்துச்சு, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க இஷ்டம். அமெரிக்காவுல பல மாநிலத்துல அந்தக் காலத்துல இன்ஜின் நம்பர வச்சே வண்டிய பதிஞ்சிருக்காங்க. இன்ஜின் மாறுன அன்னைக்கே பேப்பரும் வண்டியும் பிரிஞ்சு போச்சு. காசு குடுக்குறதுக்கு முன்னாடி பேப்பர்ல இருக்குற நம்பர் வண்டில எங்க இருக்குன்னு விரல் வச்சுப் பாத்துடுங்க. வண்டியோட சொந்த நம்பர் பொறிச்சு ரிவிட் அடிச்ச சின்ன பிளேட்ட பெயிண்டுக்காகக்கூட பிடுங்காதீங்க, டேப் ஒட்டி மறைச்சுட்டு அடிங்க, பிடுங்கி ஒட்டுன பிளேட்டப் பாத்தா யாருக்கும் சந்தேகம்தான் வரும், சில ஊர்ல அது குற்றமும்கூட.

இன்ஜினுக்கு வருவோம். வருஷக்கணக்கா நின்ன இன்ஜின செல்ஃப் அடிச்சோ, வேற வண்டில கட்டி இழுத்தோ சுத்த வைக்கிறது சுத்தப் பைத்தியக்காரத்தனம், ஒட்டிக்கிட்ட பிஸ்டன் ரிங்கு ஒடையும், வால்வ இயக்குற புஷ் ராடு வளையும். பிளக்கக் கழட்டுங்க, ஒவ்வொரு சிலிண்டர்லயும் துரு எளக்குற ஆயில ஊத்துங்க, சில நாள் ஊற விடுங்க, அப்புறம் கிராங்க் போல்ட்டுல நீளமான கைப்பிடி போட்டு முன்னயும் பின்னயும் மெதுவா அசைங்க. அசையலன்னா மறுபடி ஆயில், மறுபடி காத்திருங்க.

ஓடுன அப்புறமும் ஒரு பொறி இருக்கு. 216 கியூபிக் இன்ச் செவ்ரோலே இன்ஜின்ல கனெக்டிங் ராடு பேரிங்குக்கு இப்பத்த இன்ஜின் மாதிரி அழுத்தத்துல ஆயில் போகாது, ராடோட அடில இருக்குற சின்னக் கரண்டி ஆயிலக் கோரி எடுத்துக்கும். அதனால ஆயில் பிரஷர் மீட்டரே 30 psi வரைக்கும்தான், ஓட்டத்துல 14 காட்டுனாலே நல்ல இன்ஜின். இது தெரியாம பிரஷர் இல்ல, பேரிங் போச்சுன்னு நல்லா இருந்த இன்ஜின மொத்தமாப் பிரிச்சவங்க உண்டு. இதுக்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு, அதே இன்ஜின நெடுஞ்சாலைல இப்பத்த காரோட போட்டி போட்டு மிதிக்கிறவங்க. 3100-க்கு பின் அச்சு கியர் ரேஷியோ 4.11, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 4.11 சுத்து சுத்தணும், 3800-க்கு 5.14, இதெல்லாம் மெதுவா மூட்டை இழுக்கப் பொறந்த வண்டிங்க, மெத்தான உலோகத்துல வார்த்த அந்த பாபிட் பேரிங்கு அவ்ளோ வேகத்த ரொம்ப நேரம் தாங்காது.

கரண்ட்ல எல்லாரும் பண்ற தப்பு, செல்ஃப் சோம்பலா சுத்துதுன்னு உடனே 6 வோல்ட்ட 12-ஆ மாத்துறது. பாதி நேரம் குத்தம் 6 வோல்ட் மேல இல்ல, யாரோ இடைல 12 வோல்ட் வண்டியோட ஒல்லி கேபிளப் போட்டு வச்சிருப்பாங்க. அதே வேலைக்கு 6 வோல்ட்ல ரெண்டு மடங்கு ஆம்பியர் ஓடும், கேபிள் தடியா இருக்கணும், எர்த் பிடிக்கிற எடம் பளபளன்னு சொரண்டியிருக்கணும். பேட்டரிக்கும் சேஸிஸுக்கும், சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் நல்ல கேபிள் போட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, ஃபோர்டு டிரக்கு 1955 வரைக்கும் 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடில மாட்டியிருக்கும், 1956-லதான் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த் ஆச்சு. பழக்க தோஷத்துல நெகட்டிவ பாடில மாட்டிட்டு டைனமோ சார்ஜ் ஏத்தலன்னு தேடுறவங்கள என்ன சொல்றது.

இப்ப உயிர் சமாச்சாரம். பழைய பெரிய டிரக்குல ரிம்மு பல துண்டா, லாக் ரிங் போட்டு இருக்கும். காத்து இருக்கும்போது அதுல கை வைக்காதீங்க, வீலக் கழட்டுறதுக்கு முன்னாடியே வால்வு பின்னக் கழட்டி முழுக் காத்தையும் எறக்குங்க, ரெட்டை வீலா இருந்தா ரெண்டுலயும். துருப்புடிச்ச ரிங்க சுத்தியால தட்டி உக்கார வைக்கிறது, பாதுகாப்புக் கூண்டு இல்லாம காத்து அடைக்கிறது, இதுல செத்தவங்க இருக்காங்க, அத அதுக்குன்னு பழகுனவங்க கிட்ட குடுத்துடுங்க. பிரேக் டிரம்முக்குள்ள இருக்குற தூசில ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கம்ப்ரஸர் வச்சு ஊதாம ஈரத்துணில தொடைங்க. பழைய பெயிண்டுல ஈயம் இருக்கும், காய வச்சுத் தேய்க்காம தண்ணி போட்டுத் தேய்ங்க. பெட்ரோல் டேங்க் எத்தனை வருஷம் காலியா கெடந்தாலும் அதுல வெல்டிங் வைக்காதீங்க, உள்ள இருக்குற ஆவி போதும் வெடிக்க.

துரு எடுக்க மணல் அடிக்கிறதுல சேஸிஸுக்குப் பிரச்சனை இல்ல, கதவு, பானட்டு மாதிரி தட்டையான தகட்டுல அடிச்சா மணல் மோதுற வேகத்துல நெளிஞ்சு போயிடும், அப்புறம் அத பட்டி போட்டு மறைக்கத்தான் முடியும். வாஷிங் சோடா தண்ணில கரண்ட் விட்டு துரு எடுக்குறவங்க, கரண்டோட இன்னொரு முனைக்கு தயவுசெஞ்சு எவர்சில்வர் தகடப் போடாதீங்க, அதுல இருந்து நச்சான குரோமியம் தண்ணில எறங்கும், சாதா இரும்பு போதும்.

கேபினோட அடிப்பக்கம், மூலையெல்லாம் அரிச்சுப் போயிருந்தா வெட்டணும்தான், ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி கதவு ஓட்டைக்குள்ள குறுக்க இரும்புப் பட்டை வச்சு டேக் வெல்டு (தற்காலிகமா அங்கங்க சின்னப் பொட்டு வெல்டிங்) அடிச்சுடுங்க. இல்லன்னா வெட்டுன நிமிஷமே கேபின் தொய்ஞ்சிரும், கண்ணுக்குத் தெரியாது, புதுத் தகடெல்லாம் பத்த வச்சு முடிச்சு கதவ மாட்டுறப்பதான் மூடாம நிக்கும்.

கதவுல பெயிண்ட சொரண்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த டிரக்கெல்லாம் ஏதோ ஒரு கடைக்கோ பண்ணைக்கோ ஓடுனது, கதவுல பேரு எழுதி, வித்தப்போ மேல ஒரு கோட்டிங் அடிச்சிருப்பாங்க. நைஸ் வாட்டர் பேப்பர் போட்டு கொஞ்சம் கொஞ்சமா தேச்சா அந்த எழுத்து மங்கலா வெளிய வரும். என்னயக் கேட்டா பளபளப்பு பெயிண்ட விட அதுதான் டிரக்குக்கு அழகு, அத கிரைண்டர் போட்டு அழிச்சா திருப்பி வாங்க முடியாது. ஒரிஜினல் கலர் வேணும்னா டேஷ்போர்டுல மீட்டரக் கழட்டி அதுக்குப் பின்னாடி பாருங்க, அங்க வெயிலும் படல, பெயிண்டரும் எட்டல.

கியர் பாக்ஸுல பித்தளை ரிங்கு இருந்தா ஜிஎல்-5 தர கியர் ஆயில் சில வகை அதை அரிக்கும், ஜிஎல்-4 ஊத்துங்க. பிரேக் ஆயில்ல டாட் 3-யும் சிலிகான் வகை டாட் 5-யும் கலக்கவே கூடாது. இந்த வண்டிகள்ல பிரேக்கு ஒரே லைன்தான், ஒரு எடத்துல ஒழுகுனா நாலு வீலும் போச்சு, அதனால ஓஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு போடாம ரோட்டுக்கு எடுக்காதீங்க. முதல் ஓட்டம் பக்கத்துலயே சின்னதா ஒரு சுத்து, வந்து நிறுத்துன ஒடனே நாலு டிரம்மு பக்கத்துலயும் கைய வச்சுப் பாருங்க. ஒண்ணு மட்டும் சூடா இருந்தா அந்த வீல் பிடிச்சுக்கிட்டே ஓடியிருக்கு, அட்ஜஸ்ட்மெண்ட்டப் பாருங்க, அதுவும் சரின்னா வெளிய நல்லா தெரியுற பழைய ரப்பர் ஓஸு உள்ள உப்பி ஆயிலத் திரும்ப விடாம அடைச்சிருக்கும்.