தனிப்பெயரா, டிரஸ்ட்டா? சைலென்சர் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில், துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலென்சருக்கும் குட்டைக்குழல் ரைஃபிளுக்கும் இருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி பூஜ்யமாகிவிட்டது. அதிலிருந்து டெக்சஸில் எனக்குத் தெரிந்த நம்மூர்க்காரர்கள் பலர் முதல் சைலென்சரை வாங்கக் கிளம்பியிருக்கிறார்கள். சிலருக்குக் காட்டுப்பன்றி வேட்டை, சிலருக்குக் காதைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணம். நல்ல விஷயம்தான். ஆனால் ரேஞ்சில் அவர்களோடு பேசும்போது, நாங்கள் பத்து வருடம் முன்பு செய்த அதே தவறுகளை வரிசையாகச் செய்துகொண்டு வருவது தெரிகிறது.

வரிதான் போயிற்று, 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் அப்படியே இருக்கிறது. பதிவு, கைரேகை, போட்டோ, ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) ஒப்புதல் எல்லாம் உண்டு. கடைத் திரையில் ‘தனிநபர்’, ‘டிரஸ்ட்’ என்று இரண்டு பொத்தான்கள் வரும். டிரஸ்ட் என்றால் ஒரு சட்டப் பத்திரம்; பொருள் அதன் பெயரில் பதிவாகும், அதில் டிரஸ்டியாக இருக்கும் எல்லாரும் அதை வைத்திருக்கலாம். ‘தனிநபர்’ சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைத் தட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். வாங்கும் பொருளைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறவர்கள் இந்தத் திரைக்கு அரை நிமிடம்கூடத் தருவதில்லை.

கைரேகை மங்கலாக விழுவது, போட்டோ அளவு தவறுவது மாதிரியான சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். திருப்பி அனுப்பினால் சரிசெய்துகொள்ளலாம்.

“இப்போதைக்கு என் பேர்ல போட்டுக்கலாம், அப்புறம் மாத்திக்கலாம்”

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. நானும் இதே நினைப்பில் இருந்து பணம் கட்டியவன்தான்.

தனிப்பெயரில் பதிவு என்றால் அந்தப் பொருளை வைத்திருக்கும் உரிமை அந்த ஒருவருக்கு மட்டும்தான். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது நண்பரோ மனைவியோ சுட்டுப் பார்க்கலாம், அதில் தப்பில்லை. நீங்கள் இல்லாதபோது அது அவர்கள் கையில் இருக்கக்கூடாது. கார் உங்கள் பெயரில் இருந்தாலும் மனைவி ஓட்டிக்கொண்டு போகலாமே, அது இங்கே செல்லாது. இதைவிட நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. கையில் எடுத்தால்தான் ‘வைத்திருப்பது’ என்றில்லை. பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து, அதைத் திறக்கும் எண்ணும் தெரிந்திருந்தால், அதுவே வைத்திருப்பதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. நம் வீடுகளில் பெட்டக எண் யாருக்குத் தெரியாது? நகையும் பாஸ்போர்ட்டும் அதே பெட்டகத்தில்தானே இருக்கின்றன!

தெரிந்த ஒருவர், தனிப்பெயரில் சைலென்சர் வைத்திருப்பவர், அப்பாவின் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போனார். அவர் ஊரில் இருந்த சமயம் ஒரு நண்பருடைய நிலத்தில் பன்றிகள் வந்து வேலியைச் சாய்த்துவிட்டன. நண்பர் வாட்ஸப்பில் கேட்க, இவர் மனைவிக்கு போன் போட்டு, “பெட்டகத்துல கறுப்பு உறையில இருக்கும், எடுத்துக் குடும்மா” என்று சொல்லிவிட்டார். நண்பர் இரண்டு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். ஊரிலிருந்து வந்ததும் பெரிய உதவி செய்த மாதிரி என்னிடம் சொன்னார். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த ஒரு போன் காலில் மனைவியும் நண்பரும் பதிவில்லாமல் பொருளை வைத்திருந்தவர்கள் ஆகிவிட்டார்கள், இவர் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றியவர் ஆகிவிட்டார். அந்தச் சட்டத்தில் இதற்குப் பத்து வருடம் வரை சிறை. நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று சொன்னால் யாரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். வழியில் போலீஸ் நண்பரின் வண்டியை நிறுத்தவில்லை. அவ்வளவுதான் அவர்களைக் காப்பாற்றியது.

சரி, பயந்துபோய் டிரஸ்ட்டுக்கு மாற்றலாம் என்று உட்கார்ந்தார். ‘மாற்றுவது’ என்று ஒன்று தனியாகக் கிடையாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. உங்களிடமிருந்து உங்கள் டிரஸ்ட்டுக்குப் போனாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதுதான். ஒவ்வொரு பொருளுக்கும் புதிதாக ஒரு ஃபார்ம் 4 (கைமாற்ற விண்ணப்பம்), டிரஸ்டிகள் எல்லாருடைய கைரேகை, போட்டோ, மறுபடி காத்திருப்பு. ஒப்புதல் வரும்வரை பழைய நிலைதான், மனைவி தொடக்கூடாது. வரி இருந்த காலத்தில் ஒரே சைலென்சருக்கு இரண்டாவது முறையாக 200 டாலர் கட்டினோம். ஐந்து பொருள் இருந்தால் ஆயிரம் டாலர். மெஷின் கன் வைத்திருப்பவர்களுக்கு அந்த 200 இன்றும் உண்டு. இப்போது வாங்குகிறவர்களுக்குப் பணம் மிச்சம், ஆனால் வேலையும் காத்திருப்பும் அப்படியே இருக்கின்றன. “இப்ப வரி இல்லையே, எப்ப வேணா மாத்திக்கலாம்” என்று நினைப்பவர்கள் அந்த எப்பவை எட்டுவதே இல்லை. நடுவில் இருக்கும் வருடங்கள் முழுக்க வீட்டில் இன்னொருவர் ஆபத்தில் இருக்கிறார்.

வேகம் என்ற காரணமும் முன்பு போல இல்லை. காகித விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடந்த காலம் உண்டு. இப்போது ஆன்லைனில் அனுப்பினால் தனிப்பெயருக்கும் டிரஸ்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளப் போகும் பொருளுக்கு ஒரு கணக்கே அல்ல.

தனிப்பெயர் எப்போதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. தனியாக வாழ்பவர், ஒரே ஒரு சைலென்சர், பெட்டக எண் வேறு யாருக்கும் தெரியாது, உயில் எழுதி வைத்திருக்கிறார் என்றால் அவருக்கு டிரஸ்ட் வீண் செலவு. அவர் இறந்தால் உயிலை நிறைவேற்றுபவர் ஃபார்ம் 5 போட்டு வரியில்லாமல் வாரிசுக்கு மாற்றிவிடலாம், நீதிமன்றத்தில் சொத்து விவகாரம் முடிவதற்குள் செய்ய வேண்டும், அவ்வளவே. கல்யாணமாகி ஒரே பெட்டகத்தைப் பகிர்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்: முதல் பொருளை வாங்கும் முன்பே டிரஸ்ட், அதில் இருவரும் டிரஸ்டி. ஏற்கெனவே தனிப்பெயரில் வாங்கிவிட்டீர்களா? இன்று மாலையே சின்னதாக ஒரு தனிப் பெட்டகம் வாங்கி, எண்ணை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்ம் 4 வேலையை அப்புறம் தொடங்கலாம்.

சொந்தக்காரர் எல்லாரையும் டிரஸ்டி ஆக்குவது

மேலே சொன்னதற்கு நேர் எதிர்த் தவறு இது. நம் ஆட்கள் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுவது மாதிரி மச்சான், சித்தப்பா மகன், ரூம்மேட் என்று எல்லாரையும் டிரஸ்டி ஆக்கிவிடுகிறார்கள். விண்ணப்பம் போகும் நாளில் டிரஸ்டியாக இருக்கும் ஒவ்வொருவரும் ஃபார்ம் 23 நிரப்ப வேண்டும், கைரேகை, போட்டோ தர வேண்டும், உள்ளூர்க் காவல் தலைவருக்கு அதன் நகல் போக வேண்டும். அடுத்த பொருள் வாங்கும்போது மறுபடி எல்லாரும். ஒருவர் சியாட்டிலிலும் ஒருவர் நியூஜெர்சியிலும் இருந்தால் கைரேகை வசூலிப்பதே ஒரு பிழைப்பாகிவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் விசா. எச்-1பி, எச்-4, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு, ஆனால் அது காலாவதியான மறுநாள் விதிவிலக்கும் போய்விடும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவியின் தம்பியை ஆசையாக டிரஸ்டி ஆக்கினார். தம்பி எச்-1பி. ஃபார்ம் 23-ல் குடியுரிமைக் கேள்வி வந்தபோதுதான் விழித்துக்கொண்டார்கள், அதற்குள் விண்ணப்பம் போய்விட்டது. டிரஸ்டிகளில் ஒருவருக்குத் தடை இருந்தாலும் விண்ணப்பம் முழுவதுமே நிராகரிக்கப்படும். தம்பிக்கு நாளைக்கு கிரீன் கார்டு நேர்காணலும் இருக்கிறது என்பதை யோசியுங்கள். அவர் பெயரை இப்படி ஒரு காகிதத்தில் ஏற்றி வைப்பது அவருக்குச் செய்யும் உதவியல்ல.

கணவன் மனைவி இருவரோடு ஆரம்பியுங்கள். வேறு யாராவது உண்மையிலேயே தேவைப்பட்டால் பிறகு திருத்தம் எழுதிச் சேர்க்கலாம். அதற்கு ஏடிஎஃப் ஒப்புதல் தேவையில்லை, அடுத்த விண்ணப்பத்தில் மட்டும் அவர் தன் காகிதங்களைத் தர வேண்டும். டிரஸ்டிக்குப் பொருளை எடுத்துப் போகும் உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். குடும்ப வன்முறைத் தண்டனை மாதிரி ஏதாவது நடந்து ஒருவர் தடைக்குள் வந்தால் அன்றே அவரை நீக்க வேண்டும். நீக்கும் விதி டிரஸ்ட் பத்திரத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், இணையத்தில் கிடைக்கும் இலவச மாதிரிகளில் பல இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன.

“டிரஸ்ட் போட்டா செக்கிங் கிடையாது”

2016 ஜூலை 13-உடன் அந்தக் கதை முடிந்தது. டிரஸ்டிகளும் கைரேகை, போட்டோ தர வேண்டும் என்ற விதி அன்றுதான் அமலுக்கு வந்தது.

நீளமான பெயர்

டிரஸ்ட்டுக்குத் தாத்தா பெயர், குலதெய்வம் பெயர், கடைசியில் ‘ரெவோகபிள் லிவிங் டிரஸ்ட்’ என்று வால் வைக்கிறார்கள். பின்னாளில் ஃபார்ம் 1 போட்டு நீங்களே ரைஃபிளின் குழலைக் குட்டையாக்கும்போது, தயாரித்தவர் என்ற முறையில் டிரஸ்ட்டின் பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் உலோகத்தில் பொறிக்க வேண்டும். ஆழம் குறைந்தது 0.003 அங்குலம். எழுத்தின் உயரம் தொடர் எண்ணுக்கு மட்டும்தான் 1/16 அங்குலம் என்று விதி சொல்கிறது, மற்றவை தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். ரைஃபிளின் கீழ்ப்பாகமான லோயருக்கு முன்பக்கம் இருக்கும் இடம் கட்டைவிரல் அகலம்தான். பொறிப்பவர் பெயரைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்ப்பார். இரண்டு சொல்லில் முடியும் பெயர் போதும். டிரஸ்ட் பத்திரத்திலும் விண்ணப்பத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

வாங்கிவிட்டுக் கையெழுத்து

டிரஸ்ட் முதலில், விண்ணப்பம் பிறகு. கையெழுத்தாகாத டிரஸ்ட் காகிதம்தான்.

ஊரில் இருக்கும் வாரிசு

டிரஸ்ட்டில் பயனாளி என்ற இடத்தில் பலர் கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகனை எழுதுகிறார்கள். வீடு, பணத்துக்கு அது சரி. ஃபார்ம் 5-ல் கையெழுத்துப் போட்டு சைலென்சரைப் பார்சல் கட்டி ஊருக்கு அனுப்ப முடியாது. வாரிசு வெளிநாட்டில் இருந்தால், பொருளை விற்றுப் பணத்தை அவருக்குக் கொடுக்கும்படி பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். இங்கேயே பிறந்த சின்னக் குழந்தைகள் என்றால், அவர்கள் வயதுக்கு வரும்வரை டிரஸ்டி வைத்திருந்து ஒப்படைக்கும்படி எழுதலாம். தனிப்பெயரைவிட டிரஸ்ட் மேலானது என்று நான் நம்புவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. கணவரை இழந்த பெண் துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பொருள் எந்தப் படிவம் என்று தேட வேண்டியதில்லை. டிரஸ்டி என்ற முறையில் ஏற்கெனவே அவர் சட்டப்படி வைத்திருப்பவர்தான்.

ஒப்புதல் வந்த படிவங்களின் நகல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் கண்டெடுக்கப்படும் பொருளைப் பிறகு பதிவு செய்ய வழியே கிடையாது.

மாநிலம் மாறும்போது

வேலை மாறி கலிஃபோர்னியா போகிறவர்கள், “டிரஸ்ட்ல இருக்கே” என்று சைலென்சரைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ஹவாய், ரோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்களில் சாதாரணக் குடிமக்கள் சைலென்சர் வைத்திருக்கக் கூடாது. டிரஸ்ட் இருந்தாலும் மாநிலச் சட்டத்தை மீற முடியாது. அனுமதி உள்ள மாநிலத்துக்கே போனாலும், குட்டைக்குழல் ரைஃபிள் இருந்தால் எல்லை தாண்டும் முன் ஃபார்ம் 20 ஒப்புதல் வேண்டும். சைலென்சருக்கு அது தேவையில்லை. கலிஃபோர்னியா வேலை உறுதியானால், டெக்சஸிலேயே தங்கும் டிரஸ்டி ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் பொருள் அவரிடம் இருக்கட்டும். இல்லையென்றால் லாரி வருவதற்கு முன்பே விற்றுவிடுங்கள், வாங்குபவரின் ஃபார்ம் 4 ஒப்புதலுக்கும் நாள் ஒதுக்கி.